அமைச்சரின் திருப்தி

காலடியில் ஒரு மிதி.
அழுத்தினால் நீதிமன்றம் பேசும், விட்டால் வாயை மூடும்.
குதிகாலால் தட்டினால் ஐந்து வினாடி பின்னால் போகும்.
செயின்ட் ஜான்ஸ், டக்வொர்த் தெரு, நிலவறை,
எழுத்துப்படி எடுக்கும் மேசை:
எனக்குள்ள அதிகாரம் இவ்வளவுதான்.

இன்றைக்கு, அயர்லாந்து கேட்கிறது
ஃபின்பார் ஹெகார்ட்டியைத் திருப்பித் தா என்று.
அறுபத்தெட்டு வயது. பெட்டி ஹார்பரில் படகு எஞ்சின் திருத்துகிறவர்.
இருபத்துநான்கு வருடத்துக்கு முன்
கோர்க் பக்கம் ஒரு சிற்றூர்க் கடன் சங்கத்திலிருந்து
கணக்குப் புத்தகத்தோடு காணாமல் போனவர்.
புத்தகம் கிடைத்துவிட்டதாம்.

ஒலிப்பதிவில் ஒரு தொல்லை.
ஹெகார்ட்டியும் நீதியரசர் ஸ்னெல்கிரோவும்
ஒரே ஆள் மாதிரிக் கதைக்கிறார்கள்.
இவருடைய முப்பாட்டன்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய நாக்கு,
அவர் விமானத்தில் கொண்டுவந்தது.
யார் கேள்வி, யார் பதில்,
மூச்சை வைத்துத்தான் பிரிக்கிறேன்.
நீதியரசர் மூச்சு வாங்குவதில்லை.

பிறகு அந்தச் சொல்.
அவர்கள் நாட்டில் பிரதமரை டீஷக் என்பார்களாம்.
எனக்குத் தெரியாது. 'டீ ஷாக்' என்று அடித்துவிட்டு,
தேநீரில் எப்படி மின்சாரம் பாய்ந்தது என்று
மிதியைத் தட்டித் தட்டிக் கேட்டேன்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்கிறார்:
கோரிக்கையில் கையெழுத்து வைத்த நீதி அமைச்சர்
கடிதம் கடலைத் தாண்ட முன்னமே பதவியில் இல்லை;
டீஷக் அமைச்சரவையைக் குலுக்கிப் போட்டார்,
அவருக்கு இப்போது மீன்வளம்.
அப்படியென்றால் இது யாருடைய கோரிக்கை?

அரச தரப்பு, எழுந்திருக்கும் நாற்காலிச் சத்தம்:
"ஆள்தான் மாறினார், கனம் நீதியரசர் அவர்களே.
அமைச்சர் மாறவில்லை."

அந்தக் கடிதத்தை வாசிக்கிறார்கள்.
அமைச்சர் திருப்தியடைகிறார், இன்ன சட்டத்தின்படி.
அமைச்சர் திருப்தியடைகிறார், இன்ன ஆதாரத்தின்படி.
நம் மொழியில் அது சாப்பிட்ட வாயின் சொல்.
பாயசத்துக்குப் பிறகு, வயிற்றைத் தடவிக்கொண்டு.

எனக்கும் வந்தது ஒரு கடிதம், இரண்டாயிரத்துப் பதினொன்றில்.
வேறு அமைச்சர், குடிவரவு. திருப்தியில்லை என்றது.
ஏழு மாதம் கழித்து இன்னொன்று. திருப்தி.
இரண்டுக்கும் நடுவில் நான் புதிதாக நல்லவளாகிவிடவில்லை.
இரண்டிலும் 'அமைச்சருக்காக' என்று போட்டு
எம். பெட்ரூச்சி என்றொரு கிறுக்கல்.
அந்த இரண்டாம் நாள் பெட்ரூச்சி
மத்தியானம் என்ன சாப்பிட்டிருப்பார் என்று
இப்போதும் சில நேரம் யோசிப்பேன்.

நீதியரசர் முடிக்கிறார். ஆதாரம் போதும்.
அனுப்புவதா வேண்டாமா என்பது என் வேலையல்ல,
அது ஒட்டாவாவில், அமைச்சரிடம். தொண்ணூறு நாள்.
நீதி அமைச்சர் அவரே, சட்டமா அதிபரும் அவரே;
துரத்துகிற கையும் இரங்க வேண்டிய மனமும்
ஒரே கோட்டுக்குள்.

மிஸ்டர் ஹெகார்ட்டி, ஏதாவது சொல்ல இருக்கிறதா?

பதினொரு வினாடி.
ஒரு இருமல்.
அதற்குள் ஒரு சொல்.

'போட்' என்கிறார். இல்லை, 'ஓட்'.
முதலாவது படகு: யாரோ ஒருவருடைய எஞ்சினைக்
கழற்றிப் போட்டபடி வந்திருக்கிறார், மழை வேறு.
மற்றது, கடன்பட்டேன்.
அமைச்சர், அல்லது அமைச்சருக்காக யாரோ,
இந்தத் தாளைத்தான் வாசிக்கப் போகிறார்.

எட்டாம் தடவை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டு பேர் கேட்டு ஒத்துக்கொண்டால் எழுது,
இல்லையென்றால் எழுதாதே என்பது விதி.
ரோண்டா சாப்பிடப் போயிருந்தாள்.
காத்திருந்திருக்கலாம்.
சதுர அடைப்புக்குள் 'விளங்கவில்லை' என்று அடித்து
காலை எடுத்தேன்.

பொரித்த கோட் மீன் மணக்க மணக்க வந்து
கதிரையை இழுத்தபடி கேட்கிறாள் ரோண்டா:
ஏதாவது விட்டுப்போச்சா?